58 வயதில் டிரெட்நாட்டை விட்டுச் சிறிய கிட்டாருக்கு மாறலாமா?

கேள்வி – பாடகர்குழு58

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாக ஒரே டிரெட்நாட் (பெரிய பெட்டியுள்ள வகை) கிட்டாரை வாசித்து வருகிறேன். வெள்ளி மாலை ஒத்திகை இரண்டு மணி நேரம், ஞாயிறு ஆராதனை ஒன்றரை மணி நேரம். கடந்த ஓராண்டாக, ஒத்திகை தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் வலத் தோளின் முன்பக்கம் கடுக்கத் தொடங்கி, வலி மேல்கை வரை இறங்குகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பெட்டியின் விளிம்பு அழுத்திய இடத்தில் முன்கையின் உட்புறம் சிவந்த கோடு ஒன்று நெடுநேரம் மறையாமல் இருக்கிறது. எஃப் கார்டை (ஒரு விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய சுரக்கூட்டு) பிடிக்கும்போது இடக்கைப் பெருவிரலின் அடிமூட்டும் வலிக்கிறது.

மருத்துவரிடம் காட்டிவிட்டேன். தோளின் தசைநாரில் தேய்மானம் இருப்பதாகச் சொல்லிப் பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்; கையை உடலிலிருந்து விலக்கித் தூக்கியபடி நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். கடையில் விசாரித்தபோது சிறிய பெட்டியுள்ள கிட்டார் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது அடியில் நின்று தாங்குகிற அந்தக் கனத்த தொனியை இழந்துவிடுவேனோ என்பதே என் தயக்கம். இந்த வயதில் மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – மரத்தூள்

ஐயா, கிட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். உங்கள் வயதை ஒட்டிய பலர் இதே வலியோடு என் பட்டறைக்கு வருகிறார்கள். ‘சிறிய கிட்டார்’ என்று கடையில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டியின் அகலம், அதன் ஆழம், கம்பியின் நீளம் ஆகிய மூன்றும் தனித்தனி அளவுகள். எந்த அளவு எந்த மூட்டைத் தொல்லைப்படுத்துகிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கினால், பணம் செலவான பிறகும் வலி அப்படியே இருக்கும்.

உங்கள் தோள் வலிக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியின் ஆழமும், நடுவில் ஒடுங்கும் இடையும்தான். கிட்டார் செய்யும் அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் டிரெட்நாட்டில் கீழ்ப்பகுதியின் அகலம் சுமார் 15.6 அங்குலம், அதே நிறுவனத்தின் ஓ.எம். என்ற சற்றுச் சிறிய வகையில் அது 15 அங்குலம். அகலத்தில் வேறுபாடு அரை அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் டிரெட்நாட்டின் ஆழம் ஏறத்தாழ 4.9 அங்குலமாக இருக்க, ஓ.எம். 4.1 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. டிரெட்நாட்டின் இடை அகன்றது என்பதால் அது தொடையின் மேல் உயர்ந்து நிற்கும். இடை ஒடுங்கிய ஓ.எம். தொடையில் நன்றாக இறங்கி அமர்வதால், உங்கள் முன்கை படியும் மேல்விளிம்பு ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழ்கிறது. ஆழமும் உயரமும் சேர்ந்து குறையும்போது முழங்கை உடலை நெருங்கிவிடும். மருத்துவர் சொன்னதும் அதைத்தான்.

பெருவிரல் வலிக்கு அகலமும் ஆழமும் உதவாது. அங்கே கம்பியின் நீளத்தைப் பார்க்க வேண்டும். டிரெட்நாட்டுக்கும் ஓ.எம்.முக்கும் 25.4 அங்குலம், ஓ.எம். அளவுப் பெட்டியே உள்ள இன்றைய டிரிபிள் ஓ வகைக்குப் பெரும்பாலும் 24.9 அங்குலம். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை சுமார் 4 விழுக்காடு குறையும். எண்ணைக் கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் இரண்டு மணி நேர ஒத்திகையின் முடிவில் எஃப் கார்டைப் பிடிக்கும் விரலுக்கு அது தெரியும்.

பெட்டியின் அளவு வாசிப்பவர்களுக்குத் தொல்லை தருவதை உணர்ந்து கிட்டார் செய்பவர்களும் மாற்றம் செய்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த லிண்டா மன்சர் 1984-இல் உருவாக்கிய ஆப்பு வடிவப் பெட்டியில், கை படியும் மேல்பக்கம் மெலிந்தும் தொடையில் அமரும் கீழ்ப்பக்கம் தடித்தும் இருக்கும். உள்ளே காற்றின் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. முன்கை படியும் விளிம்பைச் சரிவாகச் சீவிவிடும் முறையும் இருக்கிறது. உங்கள் கையில் விழும் சிவந்த கோட்டுக்கு அது நேரான மருந்து.

பதில் 2 – ஆறாம்கம்பி

எனக்கு 66 வயது. இன்னும் டிரெட்நாட்டைத்தான் வாசிக்கிறேன். ஆகவே மாறுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தோள் வலித்தது. கிட்டாரை வலத் தொடையில் வைத்துக் குனிந்து வாசிப்பதை விட்டேன். தோள்வாரை மாட்டி, இடக்காலுக்குக் கீழே சிறு மணை ஒன்றை வைத்து, கிட்டாரின் கழுத்து (இடக்கை பிடிக்கும் நீண்ட பகுதி) மேல்நோக்கிச் சாயும்படி அமர்ந்தேன். பெட்டியின் அடிப்பாகம் வலப்பக்கமாக இறங்கியதும் தோளைத் தூக்க வேண்டிய தேவை போய்விட்டது.

அடுத்து, கம்பிகளின் உயரத்தை அளந்து பாருங்கள். முப்பது ஆண்டுகள் ஆன கிட்டாரில் கழுத்து சற்றே முன்னோக்கி வளைந்து, மேற்பலகை பிரிட்ஜுக்கு (கம்பிகளைப் பெட்டியோடு பிணைக்கும் கட்டை) பின்னால் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது இன்னும் கூடும். என் கிட்டாரில் 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தடித்த ஆறாம் கம்பி மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதை இரண்டரைக்குக் கொண்டுவந்து, 12-இல் தொடங்கும் கம்பிகளுக்குப் பதிலாகச் சற்று மெல்லிய, 11-இல் தொடங்கும் கம்பிகளை மாட்டிய அன்றே பெருவிரல் வலி பாதியாகக் குறைந்தது. புதுக் கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு மிகச் சிறிது.

பதில் 3 – மாலைநேரம்

நான் 61 வயதில் மாறினேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆறாம்கம்பி ஐயா சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் என் தோள் இடம் கொடுக்கவில்லை. இப்போது டிரிபிள் ஓவைவிடச் சிறிய டபுள் ஓ அளவில், 12-ஆம் ஃபிரெட்டில் கழுத்து பெட்டியோடு சேரும் கிட்டாரை வாசிக்கிறேன். 14-ஆம் ஃபிரெட்டில் சேர்வதோடு ஒப்பிட்டால், கழுத்து ஏறக்குறைய 1.4 அங்குலம் பெட்டிக்குள் வந்துவிடுவதால் இடக்கையை அவ்வளவு தூரம் நீட்ட வேண்டியதில்லை. பிரிட்ஜும் கீழ்ப்பகுதியின் நடுவை நோக்கி நகர்வதால், இத்தனை சிறிய பெட்டியா இப்படிப் பேசுகிறது என்று முதல் நாளிலேயே வியந்தேன்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பிக் (மீட்டும் சிறு தகடு) கொண்டு பலமாக அடித்து வாசித்தால் ஓர் எல்லைக்கு மேல் ஒலி வளராமல் நசுங்குகிறது. ஆறாம் கம்பியைத் தட்டும்போது நெஞ்சில் வந்து மோதுகிற அதிர்வு இல்லை. முதல் சில மாதங்கள் அதற்காக மனம் ஏங்கியது.

ஆனால் கேட்பவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. டிரெட்நாட் 1916-இல் டிட்சன் என்ற இசை நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்து கொடுத்த வடிவம். 1906-இல் நீரில் இறக்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ஒலிபெருக்கியின் துணையில்லாமல் பாட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்த காலத்தின் தேவை அது. உங்கள் ஆலயத்தில் மைக் இருக்குமானால், ஒலி அமைப்பாளர் உங்கள் கிட்டாரின் அடித்தொனியைப் பெரும்பாலும் குறைத்தே வைத்திருப்பார். நீங்கள் காக்க நினைக்கும் கனம் சபையின் காதுக்கு எட்டுகிறதா என்று ஒரு முறை பின்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த தொனிகளைத்தான். என் பழைய டிரெட்நாட் எனக்கே மந்தமாகக் கேட்கத் தொடங்கியிருந்தது. சிறிய பெட்டியில் ஒவ்வொரு கம்பியும் மீண்டும் தனித்தனியாக என் காதில் விழுகிறது.

கேட்டவர் – பாடகர்குழு58

மூவருக்கும் நன்றி. 12-ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்தேன், 3.2 மில்லிமீட்டர் இருக்கிறது, பட்டறையில் கொடுத்துவிட்டேன். அது திரும்பி வரும்வரை நண்பர் ஒருவரின் டிரிபிள் ஓ கிட்டாரை இரவல் வாங்கி இரண்டு ஒத்திகைகளில் வாசித்தேன். முதல் ஒத்திகையில் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தோளின் நினைவே வந்தது. மாலைநேரம் சொன்னபடி, பழையது திரும்பி வந்ததும் குழுவில் ஒருவரை இரண்டையும் வாசிக்க வைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்தும் கேட்டேன். இரண்டு கிட்டார்களுக்கும் இடையே நான் அஞ்சிய அளவுக்கு வேறுபாடு இல்லை. ஒத்திகைக்கு டிரிபிள் ஓ வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு, மைக் இல்லாமல் தெருவில் நின்று பாடும்போது மட்டும், பழையதை எடுப்பதாக இருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: சிறிய பெட்டிக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது?

பதில் 4 – மரத்தூள்

நல்ல முடிவு, ஐயா. மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள்; அங்கே காற்றின் முழக்கம்தான் மிகுதியாக ஏறும். கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்தை நோக்கி, ஓர் அடி தள்ளி வையுங்கள். அடித்தொனி போதவில்லை என்றால் மட்டும், இரண்டிரண்டு அங்குலமாகத் துளையின் பக்கம் திருப்பிக்கொண்டே வாருங்கள்.