கட்டடக் கலைஞர் குருவானவரானால் பழைய தொழில் என்னவாகும்?

சாயர்புரம் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சேகரத்தின் (திருச்சபை வட்டாரத்தின்) பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்குக் கட்டுரை எழுதும் முயற்சியில், எர்னஸ்ட் கெல்டார்ட் (1848–1929) என்ற ஆங்கிலேயரைப் பற்றி அறிந்தேன். மான்செஸ்டர் நகர மன்றத்தை வடிவமைத்த ஆல்ஃப்ரட் வாட்டர்ஹவுஸிடம் பணியாற்றிய அவர், இளம் வயதிலேயே குருப்பட்டம் பெற்றுவிட்டார். அதன்பின் வரைபலகையை அடியோடு கைவிட்டாரா? நம் பக்கத்தில் ஐயர்மாரே, அதாவது மிஷனரிக் குருமாரே, ஆலயம் கட்டியதாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, கெல்டார்ட் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒன்றுதானா என்ற ஐயமும் உண்டு.

பாளையங்கோட்டை நண்பர்:
கைவிடவில்லை ஐயா. 1881 முதல் 1900 வரை அவர் எசெக்ஸ் பகுதியில், லிட்டில் பிராக்ஸ்டெட் என்ற சிற்றூரின் குருவானவராக இருந்தார். அங்கிருந்த ஆலயம் நார்மானியர் காலத்தது, மிகச் சிறியது, அதன் பீடப் பக்கம் அரைவட்டமாக வளைந்திருக்கும். 1884இல் வடபுறம் அதை விரிவாக்கி, உட்சுவர்களை உருவங்களாலும் கோலம் போன்ற வண்ண வடிவங்களாலும் நிறைத்தார். ஆலய அலங்காரம் பற்றி 1882இலும் 1899இலும் நூல்களும் எழுதினார். சாவியை ஒப்படைத்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவது கட்டடக் கலைஞரின் வழக்கம். இவரோ தாம் தீட்டுவித்த சுவர்களுக்கு நடுவிலேயே ஞாயிறுதோறும் நின்று ஆராதனை நடத்தியிருக்கிறார். என் மனத்தைத் தொட்டது அதுதான்.

தேரிக்காட்டு வாசகர்:
இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. கெல்டார்ட் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊழியத்துக்கு வந்தார். இடையன்குடியில் ஊழியத்துக்கு வந்த பிறகே கால்டுவெல் ஐயர் கட்டடத் தொழிலில் இறங்க வேண்டியதாயிற்று. இளமையில் டப்ளினில் ஓவியம் பயின்றது அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். 1847இல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880 ஜூலை 6 அன்றுதான் பிரதிஷ்டையாயிற்று. இடையில் 33 ஆண்டுகள்! கூர்வளைவுச் சன்னல்களையும் வாசல்களையும் கண்டறியாத நம் கொத்தனார்களுக்காக, அவற்றின் மாதிரிகளை ஐயர் தம் கையாலேயே களிமண்ணில் செய்து காட்டினார் என்று சொல்லி வருகிறார்கள். கொத்துவேலை செய்த என் பாட்டனாரும், "தாளில் போட்ட படம் கண்ணுக்குத்தான் தெரியும், மாதிரி என்றால் கைக்கே தெரியும்" என்பார். ஆகவே அந்த ஆலயத்தைப் பற்றி எழுதும்போது, அதைக் கல்லில் செதுக்கிய நம்மவர் கைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். 1891இல் மறைந்த ஐயரின் உடல் அங்கே பீடத்தின் கீழ்தான் அடக்கம் செய்யப்பட்டது.

நாசரேத் வாசகர்:
மெஞ்ஞானபுரத்தையும் விட்டுவிடாதீர்கள். 192 அடி உயரக் கோபுரத்தோடு அங்கு நிற்கும் பரிசுத்த பவுல் ஆலயம், வேல்ஸ் நாட்டவரான ஜான் தாமஸ் ஐயரின் பெருமுயற்சியால் எழுந்தது.

சாயர்புரம் வாசகர்:
மிக்க நன்றி. கெல்டார்ட்டை முன்னுரையோடு நிறுத்திக்கொண்டு, கட்டுரையை இடையன்குடிச் சன்னல்களிலிருந்து தொடங்கப் போகிறேன். தேரிக்காட்டு நண்பரே, தங்கள் பாட்டனாரின் சொல்லை மலரில் சேர்க்கத் தாங்கள் அனுமதி தர வேண்டும்.