தோள்பட்டை ஜவ்வு ஆபரேஷன் ஆகி 5 வாரம்: அப்பா கப்பி இழுக்கலாமா?

கேள்வி (குடியாத்தம்):
அப்பாவுக்கு 57 வயசு, கைத்தறியில லுங்கி நெய்யறவர். சர்க்கரை இருக்கு. வலது தோள்ல கிழிஞ்ச ஜவ்வைச் சின்னத் துளை போட்டு (கீஹோல்) எலும்போட சேர்த்துத் தைச்சிருக்காங்க. தானா கையைத் தூக்க முடியல. கதவுல கப்பி மாட்டி இழுக்கலைன்னா கை இறுகிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இழுக்கலாமா? தறிக்கு எப்போ போகலாம்?

பதில் (பிசியோ, காட்பாடி):
5 வாரத்துல தானா தூக்கவே கூடாதுங்க. இப்போ ஜவ்வைப் பிடிச்சிருக்கறது பெரும்பாலும் தையல் நூல்தான். எலும்புல அது வேர் பிடிக்க ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதுக்குள்ள தசை பலமா இழுத்தா நூல் ஜவ்வை அறுத்துக்கிட்டு வந்துடலாம். கப்பியில இடது கைதான் இழுக்குதுன்னு தோணும், ஆனா வலது தோளும் கூடவே வேலை செய்யும். 6 வாரம் முடிஞ்சு சர்ஜன் சொன்னப்புறம் மாட்டுங்க.

இப்போதைக்கு மல்லாக்கப் படுக்கவெச்சு, இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா மேல கொண்டு போகச் சொல்லுங்க. வலது கை தூங்கற குழந்தையோட கை மாதிரி தளர்ந்து கிடக்கணும். விரல் கூரையைப் பார்த்தா 90 டிகிரி, அது போதும். 10 தடவை, 3 வேளை. தோள் காதுப்பக்கம் ஏறினா அவர் தானா தூக்கறார்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. விரல், மணிக்கட்டை அடிக்கடி மடக்கி நீட்டணும், இல்லைன்னா கை வீங்கும். முதுகு சொறிய, பின்பாக்கெட்டுக்கு அந்தக் கை போகவே கூடாது.

சர்க்கரை இருந்தா இறுக்கமும் அதிகம், ஆறறதும் தாமதம். அதுக்கு மருந்து சர்க்கரையைக் கட்டுல வைக்கறது, பலமா இழுக்கறது இல்லை. இறுக்கத்தைப் பின்னால சரிபண்ணிடலாம். மறுபடி கிழிஞ்சா சரிபண்றது ரொம்பக் கஷ்டம்.

பதில் (வீட்டு நர்ஸிங், வேலூர்):
நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்லிங் (கையைத் தாங்கற பட்டை) உள்ளே அக்குள் வெந்து புண்ணாகும். இடது கையால மேசையைப் பிடிச்சுக் குனிஞ்சு வலது கையைத் தொங்கவிட்டா அக்குள் தானா திறக்கும். ஈரத்துணியால துடைச்சு, நல்லா காயவிட்டு மறுபடி மாட்டுங்க. ராத்திரி முதுகுக்கு ரெண்டு தலையணை வெச்சு சாய்ஞ்ச மாதிரி படுக்கட்டும். முழங்கைக்குக் கீழ மடிச்ச போர்வை கட்டாயம். முழங்கை பின்னால சரிஞ்சா தையல் இழுபடும், பாதி ராத்திரி வலி அதனாலயும் வரலாம். காய்ச்சல், காயத்துல நீர்க்கசிவு இருந்தா அன்னிக்கே காட்டணும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. இறுகியிருக்கா, மறுபடி கிழிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

பதில் (பிசியோ, காட்பாடி):
இறுகியிருந்தா அடுத்தவர் தூக்கினாலும் ஒரே இடத்துல முட்டி நிற்கும். கிழிஞ்சிருந்தா அடுத்தவர் சுலபமா தூக்கிடலாம், விட்டா கை நிற்காம விழும். வீட்டுல இதைச் சோதிக்காதீங்க. சந்தேகம்னா சர்ஜன் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.

பதில் (தறிக்காரர், குடியாத்தம்):
தறியில ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கு நூலுக்கும்) நாடாவை ஓட்டற கயிறை வெடுக்குன்னு இழுக்கணும், அந்த வெடுக்குதான் தோளுக்கு எமன். ஸ்லிங் கழட்டினப்புறம் ராட்டையை இடது கையால சுத்தித் தார் (நாடாவுக்குள்ள வைக்கற ஊடை நூல் சுத்தின குழல்) போடட்டும். 12 வாரத்துக்கு மேல பிசியோ ரப்பர் பட்டையில பலம் ஏத்தினப்புறம், 5, 6 மாசத்துல தறி. கயிறை நீட்டிக் கட்டுங்க, பிடி நெஞ்சுக்குக் கீழ இருக்கணும். முதல் வாரம் 15 நிமிஷம் நெய்து இறங்கிடணும்.