25 லட்சம் கையில்: கட்டடத்தில் பங்கு தரும் ஆன்லைன் தளமா, எஸ்எம் ரீட்டா, சாதாரண ரீட்டா?

தென்சென்னை:
வணக்கம். ஐடி பார்க் கட்டடத்தில் பலர் சேர்ந்து முதலீடு பண்ண வைக்கும் ஆன்லைன் தளங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தளம் 25 லட்சத்துக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஷேரும், பின்னால் கட்டாயம் ஷேராக மாறும் சிசிடி கடன்பத்திரமும் தருகிறது. வாடகை வருமானம் 9%, ஐஆர்ஆர் (வாடகையும் விற்ற லாபமும் சேர்த்த வருடாந்திர வருமானம்) 14% என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று செபி பதிவு பெற்ற எஸ்எம் ரீட், அதாவது சிறிய, நடுத்தர அளவு ரீட். மூன்றாவது, டீமேட்டில் வாங்கும் சாதாரண ரீட்: பலரிடம் பணம் திரட்டி வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் டிரஸ்ட். அதில் வருமானம் 6 சதவீதச் சொச்சம்தான் தெரிகிறது. 7 வருடத்துக்குத் தேவைப்படாத பணம். எதை வைத்து ஒப்பிடுவது?

வாடகைக்கணக்கு:
அந்த 9 சதவீதத்தையும் ரீட்டின் 6 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். 9 என்பது செலவு கழிக்காத வாடகை. ரீட்டில் நீங்கள் பார்ப்பது எல்லாச் செலவும் போய், கட்டடம் காலியாகக் கிடந்த இழப்பும் போய், கைக்கு வந்த பணம்.

உங்கள் 25 லட்சத்தை வைத்தே போடலாம். சதுர அடி 10,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 250 சதுர அடி. மாத வாடகை அடிக்கு 75 ரூபாய்; வருடத்துக்கு 2,25,000. இதுதான் அந்த 9%. இதில் நிர்வாகக் கட்டணம் முதலீட்டில் 1%, ஜிஎஸ்டி சேர்த்து 29,500. சொத்து வரி, இன்சூரன்ஸ், ஆடிட் என்று ஒரு 7,500 வையுங்கள். மிச்சம் 1,88,000, அதாவது 7.5%.

இப்போது வாடகைதாரர் ஒரு தடவை காலி பண்ணினால் என்ன ஆகும்? எட்டு மாதம் ஆள் இல்லை: 1,50,000 போச்சு. அந்த எட்டு மாதமும் கட்டடப் பராமரிப்பு, அதாவது கேம் கட்டணம், உரிமையாளர் தலையில்தான். அடிக்கு 15 ரூபாய் என்றால் 30,000. புது ஆளைக் கொண்டுவந்த புரோக்கருக்கு இரண்டு மாத வாடகை 37,500. புது ஆள் உள் வேலை செய்துகொள்ள மூன்று மாதம் வாடகை இல்லாமல் விடுவது வழக்கம்: 56,250. மொத்தம் 2,73,750. ஐந்து வருடத்தில் இப்படி ஒரே ஒரு தடவை நடந்தால், சராசரி வருடத்துக்கு 1,33,250. அது 5.3%. இடையில் வரும் வாடகை உயர்வை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கொஞ்சம் கூடும், 9 ஆகிவிடாது.

14% எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் விற்கும் விலையிலிருந்து. எக்செல் ஷீட்டைக் கேட்டு வாங்கி, 'எக்ஸிட் கேப் ரேட்' என்ற ஒரு கட்டத்தைப் பாருங்கள்; கடைசியில் வாங்குபவர் தான் கொடுக்கும் விலைக்கு எதிர்பார்க்கும் வாடகை சதவீதம் அது. மூன்று வருடத்தில் 15% கூடி வாடகை 2,58,750 ஆகிறது என்று வையுங்கள். வாங்குபவர் 8% வருமானம் போதும் என்றால் உங்கள் பங்கு 32.3 லட்சம். 10% கேட்டால் 25.9 லட்சம். ஒரே கட்டடம், ஒரே வாடகை, வித்தியாசம் ஆறரை லட்சம். அந்தக் கட்டத்தில் 9.5 போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால்தான் அடுத்த பேச்சு.

பத்திரம்77:
மேலே சொன்னது சரி. நான் அமைப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் வந்தால் காப்பாற்றுவது அதுதான்.

முதல் வகையில் கட்டடம் உங்கள் பெயரில் இல்லை. ஒரு கம்பெனி பெயரில் இருக்கிறது. அதில் நீங்கள் ஒரு பங்குதாரர். கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட்டில் 200 பங்குதாரருக்கு மேல் இருக்க முடியாது, அதனால்தான் குறைந்தபட்சத் தொகை இவ்வளவு பெரிதாக இருக்கிறது. விற்க வேண்டுமென்றால் அதே தளத்தில் இன்னொருவர் வர வேண்டும். பணம் போடுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் பெயரை வாங்கி, எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) இணையதளத்தில் அதன் மேல் அடமானம் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். சொத்துக்கு வில்லங்கச் சான்று தனியாகப் போட்டுப் பாருங்கள். பங்குதாரர் ஒப்பந்தத்தில், நிர்வாகியை மாற்ற எத்தனை சதவீத ஓட்டு வேண்டும் என்ற பிரிவைத் தேடுங்கள். அந்தப் பிரிவே இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தளம் மூடிப்போனால் வாடகையை வசூலிக்க, வரி கட்ட, கட்டடத்தை விற்க யாருக்கு அதிகாரம் என்று தெரியாமல் எல்லாரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதாகிவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 மார்ச்சில் செபி எஸ்எம் ரீட் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு திட்டத்தின் சொத்து குறைந்தது 50 கோடி, 500 கோடிக்குக் கீழே. குறைந்தது 200 முதலீட்டாளர்கள். யூனிட் (ரீட்டின் ஒரு பங்கு) 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. பணத்தில் 95%, கட்டி முடிந்து வாடகை வந்துகொண்டிருக்கும் கட்டடத்தில்தான் போக வேண்டும். காலி மனையும் பாதி கட்டிய கட்டடமும் கூடாது. முதலீட்டாளர்கள் சார்பில் கண்காணிக்க டிரஸ்டி உண்டு, பங்குச் சந்தையில் பட்டியலாக வேண்டும். நிர்வாகியும் தன் பணத்தைப் போட்டிருக்க வேண்டும்: முதல் மூன்று வருடம் யூனிட்டில் குறைந்தது 5%, திட்டம் கடன் வாங்குவதாக இருந்தால் 15%. இந்த விதியில் முதலில் வந்தது ப்ராப்ஷேர் பிளாட்டினா. 2024 டிசம்பரில் பெங்களூரு பிரெஸ்டீஜ் டெக் பிளாட்டினா கட்டடத்துக்காக 353 கோடி திரட்டியது.

ஆனால் பட்டியலாகிவிட்டது என்பதற்காக உடனே விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். யூனிட் ஒன்று பத்து லட்சம் என்னும்போது வாங்க நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கிடைக்கும் விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும். இந்த விலைக்குக் கீழே விற்க மாட்டேன் என்று குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும்.

தென்சென்னை:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். அந்தத் தளத்தின் சலுகைக் குறிப்பில் 'குத்தகை 9 வருடம்' என்று இருக்கிறது. அப்படியானால் காலி ஆகும் பயம் இல்லைதானே?

வாடகைக்கணக்கு:
அப்படிச் சொல்ல முடியாது சார், குத்தகைக் காலம் வேறு, லாக்-இன் வேறு. 9 வருடம் என்பது வாடகைதாரர் இருக்கலாம் என்ற உரிமை. அவர் கட்டாயம் இருந்தாக வேண்டிய காலம்தான் லாக்-இன். பெரும்பாலும் 3 அல்லது 5 வருடம். அது முடிந்ததும் சில மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். அதிலும் நீங்கள் வாங்கும் தேதியில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்பதுதான் கேள்வி. லாக்-இன் ஏழு மாதத்தில் முடிகிற கட்டடம் 9% காட்டினால் அது ஆச்சரியமில்லை. பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தின் நகலையே கேளுங்கள், இரண்டு பக்கச் சுருக்கத்தை அல்ல. அந்த வாடகை அதே கட்டடத்தின் அடுத்த மாடியில் போகும் வாடகையைவிட அதிகமா என்றும் விசாரியுங்கள். அதிகமென்றால் ஆள் கிளம்பினதும் வாடகை இறங்கும்.

வரிமேசை:
சாதாரண ரீட் பற்றி யாரும் சொல்லாததால் இதைச் சேர்க்கிறேன். இப்போது ஒரு யூனிட்கூட வாங்கலாம். ரீட்டின் மதிப்பில் குறைந்தது 80%, கட்டி முடிந்து வாடகை வரும் சொத்தில் இருக்க வேண்டும்; பகிரக்கூடிய பணத்தில் 90% கொடுத்தாக வேண்டும். மைண்ட்ஸ்பேஸ் ரீட் வாங்கினால் போரூர் காமர்ஸோனும், நெக்ஸஸ் வாங்கினால் வடபழனி விஜயா மாலும், எம்பசி வாங்கினால் பல்லாவரம்-துரைப்பாக்கம் சாலையில் இருக்கும் ஸ்பிளெண்டிட் டெக்ஸோனும் உங்கள் பங்கில் வரும். ஒருத்தர் காலி பண்ணினால் மொத்த வருமானமும் நிற்காது.

பலர் தப்புவிடும் இடம் வரி. வரும் பணம் ஒரே பெயரில் வராது. வட்டிப் பகுதிக்கு உங்கள் வருமான வரி வரம்புப்படி வரி. டிவிடெண்ட் பகுதி, ரீட்டுக்குக் கீழே கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனி சலுகை வரி முறையைத் தேர்ந்திருந்தால் வரிக்குட்படும், இல்லாவிட்டால் வரியில்லை. ரீட் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்து உங்களுக்குத் தரும் பகுதிக்கு இப்போது வரியில்லை, ஆனால் அது உங்கள் வாங்கிய விலையில் கழியும்: 350க்கு வாங்கி 5 ரூபாய் அப்படி வந்தால், விற்கும்போது வாங்கிய விலை 345. அதனால் 30% வரம்பில் இருப்பவர், தளம் சிசிடி வட்டியாகத் தரும் 7.5 சதவீதத்தை வரிக்குப் பிறகு 5.25 என்று எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். செஸ் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ரீட்டில் வரியில்லாப் பகுதி பெரிதாக இருந்தால் 6 சதவீதமே முந்திவிடும். ஒவ்வொரு ரீட்டும் காலாண்டு முடிவோடு இந்தப் பிரிப்பை வெளியிடுகிறது. கடைசி நான்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

என் கருத்து: 25 லட்சத்தை ஒரே கட்டடத்தில், ஒரே வாடகைதாரரை நம்பிப் போட வேண்டாம். மூன்று ரீட்டில் பிரித்து, ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். எஸ்எம் ரீட் வேண்டுமென்றால் ஒரு யூனிட், அதுவும் லாக்-இன் குறைந்தது நான்கு வருடம் மிச்சமிருந்தால்.