கேரமல் மிட்டாய்ச் சுவையில் வீட்டுக் குக்கி: உள்ளே வைக்கும் கேரமல் கல்லாகாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வெண்ணெயும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய, சற்றே உப்புக் கரிக்கும் கேரமல் மிட்டாய் என்றால் சிறு வயதிலிருந்தே எனக்கும் என் அண்ணனுக்கும் உயிர். கையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்போம். அது நூல்போல் நீண்டு அறுந்ததும், யார் பக்கம் அதிகம் வந்தது என்று சண்டை தொடங்கிவிடும். அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது அந்த மிட்டாயின் சுவையிலேயே குக்கி சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் சரியாக அமையவில்லை.

நான் எடுத்த அளவு: 250 கிராம் மைதா, 170 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. முதல் முறை மிட்டாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி மாவிலேயே கலந்து, 180 டிகிரி செல்சியஸில் 14 நிமிடம் சுட்டேன். கேரமல் ஓரங்களில் வழிந்து, தட்டின் மேல் பழுப்புக் கண்ணாடிபோல் படிந்து இறுகிவிட்டது. கரண்டியால் நெம்பி எடுத்தபோது பாதிக் குக்கி தட்டோடு தங்கிவிட்டது. இரண்டாம் முறை ஒரு முழு மிட்டாயை மாவுருண்டைக்குள் வைத்து மூடி, அதே வெப்பத்தில் அதே நேரம் சுட்டேன். சூடாகச் சாப்பிட்டபோது உட்பகுதி அருமையாக இளகியிருந்தது. ஆனால் மறுநாள் காலை கடித்தபோது பல் வலிக்கும் அளவுக்குக் கேரமல் கெட்டிப்பட்டிருந்தது.

குறைந்தது இரண்டு நாளாவது கேரமல் மென்மையாக இருக்க என்ன மாற்ற வேண்டும்? மிட்டாயையா, மாவையா, சுடும் முறையையா?

பதில் 1

வணக்கம். உங்கள் இரண்டு முயற்சிகளிலும் நேர்ந்தவை வெவ்வேறு கோளாறுகள் என்பதால் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

கேரமல் மிட்டாயின் பதத்தைத் தீர்மானிப்பது அதில் எஞ்சியிருக்கும் நீர். பாகு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, பாகின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 118 முதல் 121 டிகிரிக்குள் இறக்கினால் ஆறியபின் மெல்லக்கூடிய உருண்டைப் பதம் கிடைக்கும். 150 டிகிரி வரை ஏறவிட்டால் அது கண்ணாடிபோல் முறியும். நீங்கள் வாங்கிய மிட்டாய் ஏற்கெனவே ஒருமுறை மெல்லும் பதத்துக்குக் காய்ச்சி இறக்கப்பட்டது. அதைத் திறந்தபடி 180 டிகிரி ஓவனில் வைப்பது, இறக்கிய பாகை மறுபடி அடுப்பில் ஏற்றுவதற்குச் சமம். மாவில் கலந்த துண்டுகளில் விளிம்பிலும் அடியிலும் இருந்தவை சூடான தட்டைத் தொட்டு, மிச்ச நீரையும் இழந்து, முறியும் பதத்துக்குப் போய்விட்டன. நீங்கள் நெம்பி எடுத்த பழுப்புக் கண்ணாடி அதுதான்.

இரண்டாம் முறை மிட்டாய் மாவுக்குள் மறைந்திருந்தது. மாவின் நடுப்பகுதியில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எனவே உள்ளிருந்த கேரமல் உருகியதே தவிர மேலும் காயவில்லை. சூடாக இருந்தபோது இளகியிருந்தது என்று நீங்களே எழுதியிருப்பது இதற்குச் சான்று. மறுநாள் அது கெட்டிப்பட்டதற்குச் சுற்றியிருந்த குக்கியே காரணம் என்பது என் கணிப்பு. 14 நிமிடம் சுட்டு மொறுமொறுப்பாகிவிட்ட குக்கி, கேரமலைவிட மிகவும் உலர்ந்தது. இரண்டையும் ஒட்டி வைத்தால், இரவு முழுவதும் கேரமலில் உள்ள ஈரத்தைக் குக்கி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் கேரமல் இறுகியும் குக்கி சற்று நமுத்தும் இருக்கும். உங்கள் குக்கியும் அன்று நமுத்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஆகவே குக்கியையும் மென்மையானதாகச் சுட வேண்டும். வெள்ளைச் சர்க்கரையில் பாதிக்கு மேல் பிரவுன் சுகராக மாற்றினால் அதிலுள்ள வெல்லப்பாகு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன் இலேசான புளிப்பு சமையல் சோடாவையும் நன்றாக வேலை செய்ய வைக்கும். ஓவனை 175 டிகிரிக்கு இறக்கி, 11 நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். விளிம்பு மட்டும் பொன்னிறமாகி, நடுப்பகுதி வேகாததுபோல் வெளுத்து உப்பியிருக்கும் நேரத்தில் எடுக்கத்தான் பெரும்பாலோருக்கும் மனம் வராது; ஆனால் எடுக்க வேண்டிய நேரம் அதுதான். தட்டிலேயே 10 நிமிடம் விட்டால் மிச்சச் சூட்டில் நடுப்பகுதி வெந்து நிலைத்துவிடும்.

வழிதலைத் தடுக்க, மிட்டாயை உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்துக் குளிரவிட்டு, 40 கிராம் மாவுக்கு 8 கிராம் மிட்டாய் என்ற அளவில் மட்டுமே வையுங்கள். மாவின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கட்டும். மூடிய இடத்தில் விரிசல் தெரியாதவரை விரலால் வழித்துச் சேர்த்து, உருண்டைகளைக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தபின் சுடுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரிப்பது கட்டாயம். மெழுகுத் தாளைப் பயன்படுத்த வேண்டாம். ஓவன் சூட்டில் அதன் மெழுகு உருகிவிடும்.

பதில் 2

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் இதற்குக் கடை மிட்டாய் அவ்வளவு பொருத்தமானது என்று எனக்குத் தோன்றவில்லை. காகிதத்தில் சுற்றி மாதக்கணக்கில் வைத்தாலும் வடிவம் குலையாமல் இருக்க வேண்டும் என்பதால் அதைச் சற்றுக் கெட்டியாகவே காய்ச்சியிருப்பார்கள். குக்கிக்குள் வைக்கும் கேரமல் தனியாகத் தின்னும் மிட்டாயைவிட ஒரு படி இளகலாக இருக்க வேண்டும். அந்த இளகல் வீட்டில் காய்ச்சினால்தான் நம் கைவசப்படும்.

நான் எடுக்கும் அளவு 200 கிராம் சர்க்கரை, 30 கிராம் குளுக்கோஸ் சிரப், 120 மில்லி கிரீம், 90 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. குளுக்கோஸ் சிரப்பை விட்டுவிடாதீர்கள்; பாகு ஆறும்போது சர்க்கரை மறுபடி மணிமணியாகப் பூத்துவிடாமல் தடுப்பது அதுவே. அடி கனமான, ஆழமான பாத்திரத்தில் சர்க்கரையையும் சிரப்பையும் மிதமான தீயில் உருக்கி, தேன் நிறம் கடந்து செம்பழுப்பாகும்போது, தனியே சூடாக்கி வைத்த கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் பாகு கட்டிதட்டுவதோடு மேலே பொங்கிக் கையில் தெறிக்கும். சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் அந்த நேரத்தில் குழந்தைகளை அருகில் விட வேண்டாம். பிறகு வெண்ணெயும் உப்பும் சேர்த்து, கிளறிக்கொண்டே 116 டிகிரி வரை காய்ச்சி இறக்குங்கள். தனி மிட்டாயாக வேண்டுமென்றால் 119 வரை போகலாம். ஆனால் குக்கிக்கு 116-ஐத் தாண்டாதீர்கள். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றி, ஆறியபின் வெட்டினால் 8 கிராம் அளவில் ஏறத்தாழ 40 துண்டுகள் வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆம், மறுநாள் குக்கியின் உட்பகுதி நமுத்துத்தான் இருந்தது. அதை நான் டப்பாவின் மூடி சரியில்லாததால் வந்த குறை என்று நினைத்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. பாகின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி என்னிடம் இல்லை. 116 டிகிரியை எப்படிக் கண்டுகொள்வது? அடுத்து, கேரமல் இருக்கும் கடியில் மிட்டாயின் சுவை வருகிறதே தவிர, வெறும் மாவுப் பகுதியைக் கடிக்கும்போது சாதாரண சர்க்கரைக் குக்கியின் சுவைதான் இருக்கிறது. குக்கி முழுவதும் அந்தச் சுவை பரவ வழி உண்டா?

பதில் 2 எழுதியவர்

வெப்பமானி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொண்டு, பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு விரல்களால் திரட்டிப் பாருங்கள். திரளாமல் கரைந்து ஓடினால் இன்னும் காய வேண்டும். மெத்தென்று உருண்டு, நீரை விட்டு வெளியே எடுத்ததும் விரலில் தளர்ந்து தட்டையானால் அதுதான் நமக்கு வேண்டிய பதம். வெளியே எடுத்தும் உருண்டை அப்படியே நிமிர்ந்து நின்றால் 118-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது ஒரு மேசைக்கரண்டி கிரீமைச் சேர்த்துக் கிளறி, பதத்தை மீண்டும் கீழே கொண்டுவரலாம். சோதிக்கும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து நகர்த்திவிடுங்கள். சொட்டைத் திரட்டிப் பார்க்கும் அரை நிமிடத்துக்குள் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடக்கூடும்.

பதில் 3

உங்கள் இரண்டாவது ஐயத்தைப் பார்த்துத்தான் எழுத வந்தேன், ஏனெனில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப்படுகிறது. மிட்டாயை உள்ளே வைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மாவிலேயே மிட்டாயின் சுவையை ஏற்றிவிட்டால், உள்ளே கேரமல் சிறிதளவு இருந்தாலே போதும்.

பால் சேர்த்த கேரமலின் மணம் சர்க்கரை கருகுவதால் மட்டும் வருவதில்லை. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகும்போது பிறக்கும் மணமே அதில் பெரும்பங்கு. அதே வினையை வெண்ணெயிலும் நிகழ்த்தலாம். 170 கிராம் வெண்ணெயை வெளிர்நிறப் பாத்திரத்தில் உருக்குங்கள்; அடியின் நிறம் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெளிர்நிறம் என்கிறேன். முதலில் சலசலவென்று பொரியும். அது நீர் வெளியேறும் ஓசை. ஓசை அடங்கி நுரை எழும்போது இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைத் தூவிக் கிளறினால், ஓரிரு நிமிடங்களில் அடியில் உள்ள துகள்கள் செம்பழுப்பாகி, வறுத்த பருப்பின் வாசனை வீசும். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடியில் படிந்த துகள்களையும் வழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. சூடான பாத்திரத்திலேயே விட்டால் அவை கருகிக் கசந்துவிடும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் என்பதால், பழுப்பாக்கியபின் 170 கிராம் சுமார் 140 கிராமாகக் குறைந்திருக்கும். குறைந்தது நீர்தான், கொழுப்பு அப்படியே உள்ளது. எனவே வெண்ணெயைக் கூட்டாமல் 30 மில்லி பாலை மாவில் சேர்த்தால் போதும். இதை மறந்தால் மாவு உதிர்ந்து, கேரமலைச் சுற்றி மூடும் இடத்தில் விரிசல் விடும். உப்பையும் சிட்டிகையிலிருந்து அரைத் தேக்கரண்டிக்கு உயர்த்துங்கள். நீங்கள் விரும்பும் மிட்டாயே உப்புக் கரிப்பது என்னும்போது, உப்பில்லாத மாவில் அந்தச் சுவையைத் தேடிப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மிட்டாயைக் குக்கிக்குள் கொண்டுவருவது புது ஆசை அல்ல. இன்று உலகெங்கும் சுடப்படும் சாக்லேட் சிப் குக்கியே, 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், ஒரு சாக்லேட் கட்டியைத் துண்டுகளாக்கி மாவில் சேர்த்ததிலிருந்து வந்ததுதான். சாக்லேட்டில் நீர் அநேகமாக இல்லை. கொழுப்பில் சர்க்கரை, கொக்கோத் துகள்கள் நெருக்கமாக நிறைந்திருப்பதால், உருகினாலும் யாரும் கிளறாதவரை அது இருந்த இடத்திலேயே நிற்கும். கேரமல் அப்படி நிற்காது, சூட்டில் ஓடத்தான் செய்யும். இந்தக் காரணத்தாலேயே சாக்லேட் குக்கிக்குச் சொன்ன முறையைக் கேரமலுக்கு அப்படியே பின்பற்ற முடிவதில்லை.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை மூன்று பதில்களையும் அருகில் வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். கேரமலைப் பாதி அளவில் காய்ச்சினேன். நான்காவது சொட்டில் உருண்டை விரலில் தளர்ந்து சரிந்தது; அங்கேயே இறக்கிவிட்டேன். வெண்ணெயைப் பால் பவுடரோடு பழுப்பாக்கியபோது வீடு முழுவதும் பரவிய மணத்திலேயே அந்த மிட்டாயைச் சுற்றியிருக்கும் தாளைப் பிரித்ததுபோல் இருந்தது. சர்க்கரையில் 120 கிராம் பிரவுன் சுகர், 80 கிராம் வெள்ளை.

மொத்தம் 16 உருண்டைகள் வந்தன. அவற்றில் 7-ஐ மட்டும் 175 டிகிரியில் 11 நிமிடம் சுட்டேன். ஒன்று பக்கவாட்டில் வழிந்தது. மூடிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தும் சரிசெய்யாமல் தட்டில் வைத்தது என் அவசரம். மற்ற ஆறும் வழியவில்லை. இன்று காலை ஒன்றை இரண்டாகப் பிட்டேன். குக்கி வளைந்து பிரிய, நடுவிலிருந்த கேரமல் விரற்கடை நீளத்துக்கு நூலாக இழுபட்டு, அதன்பிறகுதான் அறுந்தது. வெறும் மாவுப் பகுதியிலும் இப்போது அந்தச் சுவை தெளிவாகத் தெரிகிறது.

மிச்சம் 9 உருண்டைகளைச் சுடாமல் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றை உறைந்தபடியே, நேரத்தை மட்டும் சற்றுக் கூட்டிச் சுடலாமா, அல்லது முதலில் இளகவிட வேண்டுமா?

பதில் 1 எழுதியவர்

உறைந்தபடியே சுடுங்கள், அதுவே நல்லது. இளகவிட்டால் மாவு முதலில் பரந்து, கேரமலுக்கு மேலிருக்கும் மூடி மெலிந்துவிடும். அதே 175 டிகிரியில் 2 நிமிடம் கூடுதலாக, அதாவது 13 நிமிடம் வைத்துப் பாருங்கள். அண்ணன் வரும் நாளுக்கு முன்பே ஒன்றை மட்டும் சுட்டு, உங்கள் ஓவனுக்கு அந்த நேரம் சரியா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்போதும் எட்டு மீதமிருக்கும்; ஆளுக்கு நான்கு.