கையடக்க ரெக்கார்டர், மைக் - சின்ன பட்ஜெட்ல எதை வாங்கலாம்? எல்லைப் பக்கத்து அனுபவம் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை

நானே ஆரம்பிச்சு வெக்கறனுங்க. நமக்கு கொழிஞ்சாம்பாறை, ஜில்லா பாலக்காடு, ஆனா வீட்லயும் சந்தைலயும் பேச்சு தமிழ்தான். எனக்கு ரெக்கார்டர் தேவைப்பட்டது தோல்பாவைக்கூத்துக்கு. இங்க பகவதி கோயில்கள்ல தை மாசத்துக்கு மேல சீசன், திரைக்குப் பின்னால வரிசையா 21 விளக்கு, கம்பராமாயணப் பாட்டத் தமிழ்லயே பாடி, மலையாளம் கலந்த தமிழ்ல விளக்கம் சொல்லுவாங்க, ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய போகும். சில நாள் திரைக்கு முன்னால ஆளே இருக்காது, அம்மன் கேக்கறா அது போதும்னு அவங்க பாட்டுக்குப் பாடிட்டு இருப்பாங்க.

அங்க ஃபோன்ல எடுத்துப் பாத்தா இலத்தாளம் (கையில தட்டற வெங்கலத் தாளம்) ஒரு தட்டு தட்டினதும் பாடறவர் குரல் அமுங்கிப் போயிரும், அப்பறம் மெதுவா மேல வரும். ஃபோன் தானா லெவலக் கொறைக்குது, ஏத்துது, அதுதான் விசயம். பல ரெக்கார்டர்லயும் ஆட்டோ லெவல்னு ஒண்ணு இருக்கும், வாங்கினதும் மொதல்ல அதை ஆஃப் பண்ணிருங்க. சத்தம் அதிகமா வர்ற எடத்துலயும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி லெவல நாமளே வெச்சுக்கிட்டு, 24 பிட்ங்கற தரத்துல ஓட விட்டா, பின்னால வீட்ல வந்து ஏத்திக்கலாம்.

மாடல்னு பாத்தா நான் ரெண்டுக்கு நடுவுல ரொம்ப நாள் அல்லாடினேன், ஜூம் எச்1என், டாஸ்கம் டிஆர்-05எக்ஸ். ஜூம்ல ரெண்டு மைக்கும் குறுக்கால எக்ஸ்ஒய்யா இருக்கும், முன்னால இருக்கறத எடுக்கும், எடது வலது நல்லாப் பிரியும். டாஸ்கம்ல ஆம்னி, சுத்தி இருக்கற எல்லாத்தையும் எடுக்கும். நான் டாஸ்கம் எடுத்துட்டனுங்க. காரணம் காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல ஆடில அடிக்கற காத்து உங்களுக்குச் சொல்லணுமா, ஆம்னி மைக்குக்கு காத்துத் தொந்தரவும், கைல புடிக்கறப்ப வர்ற கரகர சத்தமும் கொஞ்சம் கம்மி. அதுக்குன்னு கைலயே புடிச்சுட்டு நிக்காதீங்க, இந்த சைஸ் ரெக்கார்டர் எல்லாமே பிளாஸ்டிக் உடம்பு, விரல் நகந்தாக் கூடப் பதிவாகும். அடில ட்ரைபாட் ஓட்டை இருக்குது, ஒரு சின்ன ஸ்டேண்டு மாட்டிருங்க.

செங்கோட்டை

காத்துன்னு அண்ணாச்சி சொன்னதும் எனக்கும் எழுதணும்னு தோணிட்டு. சாரல் சீசன்ல எங்க பக்கம் வந்து பாருங்க, ரெக்கார்டரோட தார ஸ்பாஞ்சு தொப்பி இருக்குல்லா, அது ஃபேன் காத்துக்குத்தான் லாயக்கு. வெளிய போனா முடி வச்ச உறைதான் வேணும். ஆன்லைன்ல விலை கூடுதல்னு நான் தென்காசில ஜவுளிக்கடைல பொம்மை தைக்கிற முடித்துணி வாங்கி, டெய்லர்ட்ட குடுத்து குல்லா மாதிரி தச்சு, கீழ எலாஸ்டிக் வச்சுட்டேன். ஒண்ணு பாத்துக்கிடுங்க, முடி நீளமா இருக்கணும், ஆனா அடித்துணி மெல்லிசா, வெளிச்சத்துல பிடிச்சா ஊடால தெரியணும். அடித்துணி தடிமனா இருந்தா ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான சத்தமெல்லாம் மங்கிப் போயிரும். முதல்ல ஸ்பாஞ்சு, அதுக்கு மேல இந்த உறை.

நான் எடுக்கது கொடை விழாவுல நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு. இதுக்கு உள்ளதுலயே விலை கம்மியான ரெக்கார்டர் போதும்னு தைரியமாச் சொல்லுதேன். மேளம் போடுத சத்தத்துல ரெக்கார்டரோட இரைச்சல் யாருக்குக் கேக்கப் போகு? இங்க பிரச்சினை வேற. தவுலுக்கு நேர முன்னால வச்சா மைக்கே திணறிரும், அப்புறம் லெவல எவ்வளவு கொறச்சாலும் கரகரப்பு போகாது, ஏன்னா கெட்டது மைக்குலயே கெட்டுட்டு. தள்ளிப் போறது ஒண்ணுதான் வழி. லோ கட்டுன்னு அடிக்குரல் சத்தத்த மட்டும் வெட்டுத ஒரு பட்டன் இருக்கும், ரோட்டுல லாரி உறுமுறதக் கொறைக்க நல்லது, ஆனா தவுல் எடுக்கும்போது அதப் போட்டா தொப்பிப் பக்கத்து (கனமான சத்தம் வார பக்கம்) அடி சத்தம் காணாமப் போயிரும். செல்ஃபோன ரெக்கார்டர் பக்கத்துல வைக்காதீங்க, டிக்கடிக்கடிக்னு ஒரு சத்தம் நடுவுல ஏறிரும்.

கம்பம்

ரெண்டு பேரும் சத்தமான எடத்தச் சொல்லிட்டீங்க, நம்ம கதை நேர் எதிரு. குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துல விடியக்காலைல பறவை சத்தம் எடுக்கறேன். ஓடைப் பக்கம் மலபார் விசிலிங் த்ரஷ் ஒண்ணு, சோம்பேறிப் பையன் ரோட்ல விசிலடிச்சுட்டுப் போற மாதிரி ராகமே இல்லாமப் பாடும். அப்ப லெவல நல்லா ஏத்த வேண்டி வரும், ஏத்துனா சின்ன ரெக்கார்டர்ல உஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் சேந்தே வரும். அது பறவைக்குப் பின்னால இருக்கற காத்துன்னு நெனச்சுக்காதீங்க, மெஷினோடது.

இதுக்கு வழி, பெரிய ரெக்கார்டருக்குக் காசக் கொட்டாம வெளி மைக் மாத்தறது. ஜப்பான் பிரைமோ கம்பெனியோட இஎம்172ன்னு ஒரு சின்ன கேப்சூல், அதாவது மைக்குக்குள்ள சத்தத்தப் புடிக்கற பாகம், அதோட சொந்த இரைச்சல் 14 டெசிபல்தான், இதமாதிரி காட்டொலி எடுக்கறவங்க ரொம்ப நாளா இதையே ஜோடியா வச்சு மைக் பண்றாங்க. சால்டரிங் தெரிஞ்சா நாமளே பண்ணலாம். ரெக்கார்டரோட 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்லயே மைக்குக்கு வேணுங்கற சின்ன கரண்டு, பிளக் இன் பவர்னு, வரும், மெனுல ஆன் பண்ணணும், இல்லைன்னா மைக் செத்த மாதிரி கெடக்கும். ஸ்டுடியோ மைக்குக்கு வேணுங்கற 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேற, அது எக்ஸ்எல்ஆர்னு மூணு பின் பெரிய சாக்கெட் இருக்கற ஜூம் எச்4என், எச்5 மாதிரி ரெக்கார்டர்லதான் கெடைக்கும். இத ரெண்டையும் குழப்பிக்கிட்டு மைக் வாங்குனவங்க நம்ம ஏரியாவுலயே இருக்காங்க.

இன்னொண்ணு, ஃபோனுக்குன்னு விக்கற காலர் மைக்ல பின்ல மூணு கோடு இருக்கும், ரெக்கார்டருக்கு ரெண்டு கோடு. அப்படியே குத்துனா சில நேரம் சத்தமே வராது, அடாப்டர் வேணும்.

இப்ப 32 பிட் ஃப்ளோட்னு, மெல்லிசு சத்தம், பெரிய சத்தம் ரெண்டையும் லெவல் வைக்காமலே பதியற முறைய எல்லாரும் கேக்கறாங்க, 2024ல வந்த ஜூம் எச்1எசென்ஷியல்ல இருக்கு. லெவல் வைக்கற தலைவலி போயிரும், அது நெசம். ஆனா செங்கோட்டை அண்ணன் சொன்ன மாதிரி மைக்கே திணறுனா அது ஒண்ணும் பண்ணாது, என்னோட உஸ்ஸையும் குறைக்காது.

கொழிஞ்சாம்பாறை

கம்பத்துக்காரர் சொன்னது சரிங்க, அமைதியான எடத்துக்குத்தான் காசு செலவாகும். ராத்திரி முழுக்க எடுக்கறவங்களுக்கு ஒரு கணக்கு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோன்னா மணிக்கு ஒரு ஜிபி சுமாருக்கு ஓடும், 32 ஜிபி கார்டு தாராளம், எச்1என் அதுக்கு மேல எடுக்காது. பேட்டரிய நம்பாம பவர் பேங்க் குத்திருங்க. கோயில் கரண்டுல சார்ஜர் மாட்டினா சில எடத்துல ஹம்முனு அடியில ஓடிட்டே இருக்கும், ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுட்டு வெக்கலாம்.

கம்பத்து அண்ணா, கேப்சூல் எங்க வாங்கினீங்க, கஸ்டம்ஸ் எவ்வளவு புடிச்சாங்கன்னு சொல்லுங்களேன்.