சைலஜா டீச்சரை விட்டது சரியா? 2021 கேரள அமைச்சரவை

மலையோரம்:
2021 தேர்தலில் மறுபடி ஜெயித்ததும், முதல்வர் பினராயி விஜயனைத் தவிர தன் பழைய அமைச்சர்கள் யாரும் வேண்டாம், எல்லாம் புதுமுகம் என்று சிபிஎம் விதி வைத்தது. அப்படி அமைந்த பினராயியின் இரண்டாவது அமைச்சரவையை இன்னமும் சிலர் முன்மாதிரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்த சைலஜா டீச்சர் மட்டன்னூரில் ஜெயித்தது 60,963 ஓட்டு வித்தியாசத்தில், அதுவரை கேரள சட்டமன்றத் தேர்தலில் யாரும் எடுக்காத வித்தியாசம் அது. நிபாவையும் கொரோனா முதல் அலையையும் சமாளித்த அனுபவம் வேறு. தினமும் 30,000 பேருக்குத் தொற்று வந்துகொண்டிருந்த மே மாதத்தில் அவருக்குக் கட்சிக் கொறடா பதவியைக் கொடுத்து ஓரம் கட்டினார்கள்.

செம்மண்:
டீச்சரை மட்டும் விட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன் சார். உடும்பன்சோலையில் 38,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த பழைய அமைச்சர் எம்.எம். மணிக்கும் இடமில்லை, அவரைப் போலவே அமைச்சர்களாக இருந்த கடகம்பள்ளிக்கும் மொய்தீனுக்கும் இல்லை. கூட்டணிக் கட்சியான சிபிஐகூட அதன் நான்கு பேரையும் புதிதாகத்தான் போட்டது. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் அடுத்தவர் எனக்கு ஏன் இல்லை என்று கேட்பார், அதோடு விதி போச்சு.

மலையோரம்:
விதி எல்லோருக்கும் என்றால் முதல்வருக்கு மட்டும் ஏன் இல்லை? இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

படகுத்துறை:
நடுவில் வருகிறேன், இடக்கணக்கையும் பாருங்கள். 140 உறுப்பினர் சபையில் 15 சதவீதம்தான் அமைச்சராகலாம், அதாவது 21 பேர். சிபிஎம் 12, சிபிஐ 4, மற்ற ஐந்து கட்சிக்கு ஆளுக்கு ஒன்று, தீர்ந்தது. அதிலும் ஐஎன்எல் என்ற சிறு கட்சியின் இடத்தையும், இன்னொரு சிறு கட்சியின் ஆண்டனி ராஜு இடத்தையும் இரண்டரை வருஷம் என்று பேசி வைத்து, 2023 டிசம்பரில் அவர்களுக்குப் பதில் வேறு சிறு கட்சிகளின் கடன்னப்பள்ளியும் கணேஷ் குமாரும் வந்தார்கள். ஆனால் மற்ற கூட்டணிக் கட்சிகளின் சசீந்திரனும் கிருஷ்ணன்குட்டியும் பழைய அமைச்சரவையிலிருந்து அப்படியே தொடர்ந்தார்கள். ஆக, புதுமுகம் என்பது கூட்டணிக்கே பொதுவான விதியில்லை.

செம்மண்:
அது அந்தந்தக் கட்சி எடுக்கிற முடிவு. முதல்வர் விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலே அவரை முன்னிறுத்தித்தான் நடந்தது, 99 இடம் கிடைத்ததும் அதனால்தான். அவரை மாற்றினால் ஓட்டுப் போட்டவர்களை ஏமாற்றுவதாகும்.

மலையோரம்:
அதே நியாயம்தானே டீச்சருக்கும்? அவர் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போட்ட பெண்கள் எத்தனை பேர்! இதில் முதல்வரின் மருமகன் ரியாஸ் முதல் முறை எம்எல்ஏ ஆனதுமே அமைச்சர். கட்சியின் பொறுப்புச் செயலாளராக இருந்த விஜயராகவனின் மனைவி பிந்துவும் அமைச்சர். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

செம்மண்:
இது அநியாயம். ரியாஸ் சிபிஎம் இளைஞர் அமைப்பான டிஒய்எஃப்ஐயின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர், பிந்து திருச்சூர் மேயராக இருந்தவர். உறவு என்பதற்காக அந்த உழைப்பெல்லாம் இல்லை என்றாகிவிடுமா?

மலையோரம்:
உழைப்பை நான் மறுக்கவில்லை. டீச்சருக்குப் பதில் சுகாதார அமைச்சரான வீணா ஜார்ஜ் மீதும் குறையில்லை. ஆனால் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஜனங்கள் பயந்துகொண்டிருந்த நேரத்தில், ஐந்து வருஷம் அந்தத் துறையை நடத்தியவரை எடுத்துவிட்டு, அதற்கு முன் அமைச்சராகவே இருந்திராத ஒருவரிடம் கொடுத்தார்கள். அந்த ஒரு துறையை மட்டும் அலை ஓயும் வரை விட்டுவைத்திருந்தால் கட்சி என்ன இழந்திருக்கும்?