தமிழ்99-க்கு ஸ்பிளிட் கீபோர்டு சரிவருமா? வலது சுண்டுவிரல் மரத்துப்போகிறது

மஞ்சக்குப்பம் டிடிபி:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனு என்று காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை தட்டச்சுதான், எல்லாம் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில். கொஞ்ச நாளாக வலது சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகின்றன. மணிக்கட்டின் வெளிப்பக்கம் வலியும் இருக்கிறது. இப்போது இருப்பது நம்பர் பேடோடு கூடிய சாதாரண வயர் கீபோர்டு. நடுவில் இரண்டாகப் பிரிந்த ஸ்பிளிட் கீபோர்டு வாங்கச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதில் தமிழ்99 ஓடுமா? வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வில்லியனூரான்:
ஓடும் அக்கா. எந்த கீ அழுத்தப்பட்டது என்று சொல்வது மட்டும்தான் கீபோர்டின் வேலை, அதைத் தமிழாக்குவது கம்ப்யூட்டர். ஆனால் அந்த கீ அதில் இருக்க வேண்டுமே! தமிழ்99-ல் உயிரெல்லாம் இடக்கை, மெய்யில் பெரும்பகுதி வலக்கை. சுண்டுவிரலின் பாட்டைப் பாருங்கள்: ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அதன் தலையில். போதாததற்கு என்டரும் பேக்ஸ்பேஸும். ‘சொத்து’, ‘சாசனம்’, ‘சர்வே’ என்று ஒரு பத்திரத்தில் எத்தனை ச வருகிறது! அந்த ச உட்கார்ந்திருப்பது பி-க்கு வலப்பக்கம், சதுர அடைப்புக்குறி கீயில். சின்ன ஸ்பிளிட் கீபோர்டுகள் பலவற்றில் அந்த அடைப்புக்குறி கீகள் தனியாக இருக்காது. படத்தைப் பெரிதாக்கி, பி-க்கு அப்புறம் இரண்டு கீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கோரிமேடு பிசியோ:
எந்த விரல் என்று சொன்னது நல்லதாயிற்று. மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்தினால் வழக்கமாகக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம்தான் மரக்கும். நீங்கள் சொல்லும் விரல்கள் அல்னார் நரம்பைச் சேர்ந்தவை. அது முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்று அடியில் ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒரு ஷாக் அடிக்குமே, அந்த இடம். முழங்கையை எங்காவது ஊன்றுகிறீர்களா? அப்படியானால் எவ்வளவு விலை கொடுத்து கீபோர்டு வாங்கினாலும் மரப்பு போகாது. மணிக்கட்டு வலி வேறு கணக்கு. கை வெளிப்பக்கமாக வளைந்தபடியே அடிப்பதால் வரலாம், அதற்கு ஸ்பிளிட் உதவும். பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடையே உள்ள சதை வற்றினாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் டிடிபி:
சரியாகப் பிடித்தீர்கள் சார். மேஜையில் கண்ணாடி போட்டிருக்கிறேன். பார்ட்டி நான்கெல்லை விவரம் சொல்லி முடிக்கும்வரை வலது முழங்கையை அதன் விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

கோரிமேடு பிசியோ:
முதலில் அதை விடுங்கள். போனைக் காதில் வைத்து முழங்கையை நெடுநேரம் மடக்கியிருப்பதும் அதே நரம்பை இழுக்கும். இரவில் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் நேரில் காட்டிவிடுவது நல்லது.

வில்லியனூரான்:
காசில்லாத வேலை இன்னும் இருக்கிறது. கீபோர்டின் பின்கால்களை மடக்குங்கள், அவை மணிக்கட்டை மேல்நோக்கி ஒடிக்கின்றன. நாற்காலியை முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். கால் தொங்கினால் ஒரு மணை போட்டுக்கொள்ளுங்கள். ஜி, எச் இரண்டுக்கும் நடுக்கோடு உங்கள் தொப்புளுக்கு நேராக வரட்டும். நம்பர் பேடு இருந்தால் மவுஸ் எங்கோ வலக்கோடிக்குப் போய்விடும். அதனால் நம்பர் பேடு இல்லாத கீபோர்டு ஒன்று வாங்கி, சர்வே எண்ணுக்கும் தொகைக்கும் தனி யுஎஸ்பி நம்பர் பேடை இடப்பக்கம் வையுங்கள். ஸ்பிளிட்டின் விலையோடு பார்த்தால் இது ரொம்பக் குறைவு.

உப்பளம் கீபோர்டு:
ஸ்பிளிட்தான் வேண்டும் என்றால் கீயை மாற்றி அமைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். நான் ச-வைக் கட்டைவிரல் கீக்கு மாற்றிவிட்டேன், சுண்டுவிரலுக்குப் பாதி வேலை குறைந்தது. ஆனால் கை பழகும்வரை வேகம் படுத்துவிடும். முகூர்த்த நாள் பதிவுக் கூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள் அக்கா, ஆடி மாதம் பார்த்து மாற்றுங்கள்.

மஞ்சக்குப்பம் டிடிபி:
கடைத் தம்பியும் இதே கீபோர்டில்தான் அடிக்கிறான். ச இடம் மாறினால் என்னைத் திட்டுவானே?

உப்பளம் கீபோர்டு:
பழைய கீபோர்டையும் கழற்றாமல் வையுங்கள். மாற்றம் ஸ்பிளிட்டுக்குள்தான் இருக்கும், இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்யும்.

மஞ்சக்குப்பம் டிடிபி:
அப்போ சரி. பின்காலை மடக்கியாகிவிட்டது, கண்ணாடி விளிம்புக்கு ரப்பர் பீடிங் சொல்லியிருக்கிறேன். நம்பர் பேடு இல்லாத கீபோர்டு முதலில், ஸ்பிளிட் ஆடிக்கு. வாங்குவதற்கு முன் உங்களுடையதில் ஒரு பக்கம் அடித்துப் பார்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமை பாண்டி வருகிறேன்.

உப்பளம் கீபோர்டு:
தாராளமாக வாங்க அக்கா. உங்கள் பத்திரத்திலேயே ஒரு பக்கம் கொண்டுவாருங்கள், அதை அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.